தென்னை மரத்து ஆன்டெனா

பாவாடை வீட்டு டிவியைத் தூக்கிக் கடலில் போடவேண்டும் என்று தையல்நாயகி வைத்திக்குப்பத்து நடுத்தெருவில் நின்று கத்தியது எண்பத்தைந்தாம் வருஷம், ஆடி மாதத்து ஒரு ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்குத் திறந்த வாயை அவள் மூன்று வருஷத்துக்கு மூடவில்லை.

பாவாடை ஒன்றும் யாரோ எவனோ இல்லை. அவள் புருஷன் பலராமனுக்குச் சித்தப்பா மகன். கட்டுமரம் ஏறுவதை விட்டுவிட்டு மீனுக்கு ஐஸ் விற்கப் போய், நாலு காசு பார்த்து, குப்பத்திலேயே முதல் டிவி வாங்கி வைத்தவன். வாங்கினவன் சும்மா இருந்தானா? ஞாயிற்றுக்கிழமை சாயங்காலப் படத்துக்குப் பிள்ளைகளிடம் ஆளுக்கு நாலணா வாங்கிக்கொண்டுதான் உள்ளே விட்டான். சொந்த அண்ணன் மகளுக்கும் நாலணாதான்.

தையல்நாயகி கூடை மீனை விற்றுவிட்டுக் கருவடிக்குப்பத்திலிருந்து திரும்பி வந்தபோது, ஒன்பது வயசு மகள் கொளஞ்சி பாவாடை வீட்டு ஜன்னலுக்குக் கீழே, சுவரில் காதை வைத்தபடி நின்றிருந்தாள். உள்ளே படம் ஓடிக்கொண்டிருந்தது. ஜன்னல் உயரம், பிள்ளைக்கு எட்டாது.

"இங்க ஏன்டி நிக்கற?"

"அம்மா வந்ததும் காசு தர்றேன்னு சொல்லி உள்ளதாம்மா ஒக்காந்திருந்தேன். பாதிப் படத்துல மோட்டார் போட்டுக்காரங்க வந்தாங்க, எடம் இல்ல. சித்தப்பா என் கையப் புடிச்சித் தூக்கி வெளிய வுட்டுட்டாரு."

பிள்ளை அழவில்லை. அழுதிருந்தால் தையல்நாயகிக்கு அத்தனை ஆத்திரம் வந்திருக்காது. படம் முடியும்வரை அங்கேயே நின்றுவிட்டு, வீட்டுக்கு வரும் வழியில் பின்பாதிக் கதையை அம்மாவுக்குச் சொன்னாள். "கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சும்மா. அப்பறம் ஒரு பொம்பள அழுதா. அப்பறம் பாட்டு. அவங்க சேந்துட்டாங்கன்னு நெனைக்கிறேன்."

அதைக் கேட்டதும்தான் தையல்நாயகி கூடையைத் தெருவிலேயே போட்டுவிட்டுத் திரும்பி நடந்தாள். பாவாடை வாசலில் நின்று அவள் போட்ட சத்தத்துக்குக் கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் எழுந்து வந்துவிட்டார்கள்.

"கேட்டுக்கோ பாவாடை! இனிமே என் வூட்டு ஆளு எவனாவது ஒன் வாசப்படிய மிதிச்சா, அந்தக் கால நானே ஒடைப்பேன். எங்கிட்டேர்ந்து ஒத்தப் பைசா ஒன் கைக்கு வராது!"

பாவாடை கதவில் சாய்ந்துகொண்டு சிரித்தான். "நாலணா இல்லாதவளுக்கு நாக்கு மட்டும் நாலு முழம்."

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை அவள் மறக்கவே இல்லை.

அதற்குப் பிறகு ரெண்டு வருஷம் கழித்துத்தான் அவள் வீட்டுக்கு டிவி வந்தது. டவுனில் அவள் வாடிக்கையாக மீன் போடும் சொல்தா வீடு ஒன்று. பிரெஞ்சு ராணுவத்துப் பென்ஷனில் வாழ்ந்த வீடு. அந்த வீட்டு அகஸ்டினா மதாம் பிரான்சில் இருக்கும் மகனோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி, சாமான்களை ஒவ்வொன்றாக விற்றுக்கொண்டிருந்தாள்.

"தையலு, இத நீயே எடுத்துக்கயேன். அங்க புள்ள வூட்ல கலர்ல பெருசா இருக்குதாம்," என்று கறுப்பு வெள்ளைப் பெட்டியைக் காட்டினாள் மதாம்.

காதுத் தோட்டுக்கென்று சேர்த்து வைத்திருந்ததைத் தையல்நாயகி அப்படியே மதாம் கையில் கொடுத்தாள். டிவியைச் சைக்கிள் ரிக்ஷாவில் ஏற்றி, மீன்கூடையைக் கவிழ்த்து அதன்மேல் காலை வைத்துக்கொண்டு, பெட்டியை மடியில் அணைத்தபடி குப்பத்துக்குள் வந்தாள். வேண்டுமென்றே பாவாடை வீட்டு வழியாகவே வரச் சொன்னாள்.

ஆனால் பாவாடை அதற்குள் ஒரு படி மேலே போயிருந்தான். அவன் வீட்டு முன்னறையில் இப்போது டெக் வந்துவிட்டது. அந்த டெக்கில் கேசட்டைப் போட்டு, கூரைக்குக் கூரை கறுப்பு ஒயரை இழுத்து, காலையில் ஒரு படம், சாயங்காலம் ஒரு படம் என்று வீடு வீடாகப் படம் காட்டினான். அரசாங்க ஸ்டேஷனையும் அதே ஒயரிலேயே அனுப்பினான். மாசம் முப்பது ரூபாய்.

அதிலும் அவன் செய்த வேலை இருக்கிறதே, அதுதான் தையல்நாயகிக்கு வயிற்றெரிச்சல். குப்பத்தில் பொதுவாக எது இருந்தாலும் வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் வாசலில் ஏலம் விடுவது வழக்கம். கரையில் மீன் ஏலம் கூவும் உரிமையிலிருந்து கோயில் மரத்துப் புளிவரை ஏலம்தான். வரும் பணம் திருவிழாவுக்கு. அந்த வருஷம் பாவாடை எழுந்து, "வீடியோ ஒயரையும் ஏலத்துல வுடுங்க, அம்மனுக்கு வரும்படி ஆவட்டும்," என்று பெரிய பக்திமான் மாதிரிச் சொன்னான். போட்டிக்கு ஆளே இல்லாத ஏலத்தை அவனே எடுத்தான். அதோடு அவன் ஒயர் அம்மனுடைய ஒயர் ஆகிவிட்டது. வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் வாய் வரவில்லை.

தையல்நாயகிக்கு வந்தது.

"அண்ணி, ஒயர் இஸ்துடட்டுமா? பங்காளி வூடு. ஒங்களுக்கு இருவத்தஞ்சு போட்டுக்கறேன்," என்று ஏணியோடு வந்து நின்றான் பாவாடை.

"ஏணிய எடுத்துகினு வந்த வழியே போ கொழுந்தனாரே. காத்துல சும்மா வர்றது எனக்குப் போதும்."

"காத்துல இன்னா வருது? இந்திக்காரன் செய்திதான் வருது. பாத்துகினு குந்தியிரு."

அவன் சொன்னது பொய்யில்லை. கூரையில் கட்டியிருந்த சின்ன ஆன்டெனாவில் வந்தது முக்கால்வாசி இந்திதான். ஞாயிற்றுக்கிழமைப் படத்தை விட்டால் வேறு நாதியில்லை. பலராமன் படப் பைத்தியம். கடலுக்குப் போய்விட்டு வந்து குளித்துச் சாப்பிட்டதும், தெருவில் எல்லா வீட்டிலிருந்தும் ஒரே பாட்டு ஒரே நேரத்தில் கேட்கும்போது, அவன் வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பான்.

"எல்லா வூட்லயும் புதுப்படம் ஓடுது. நம்ம வூட்ல மட்டும் எவனோ மாட்டுக்கு ஊசி போடறத காட்டறான்," என்பான்.

டிவி வந்த நாளிலிருந்து அதைப் பற்றிக் கொளஞ்சி ஒரு வார்த்தை கேட்டதில்லை. புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டு தெருப் பாட்டைக் காதில் வாங்கியபடி உட்கார்ந்திருப்பாள்.

தையல்நாயகிக்கு அதுதான் பயம். இந்த ரெண்டு பேரையும் தன் வீட்டுக்குள் பிடித்து உட்கார வைக்காவிட்டால், இன்றோ நாளையோ அவர்கள் பாவாடை வீட்டு வாசற்படியில் போய் நிற்பார்கள். புருஷன் நின்றால்கூடப் போகட்டும். அந்தப் பிள்ளை மறுபடி அந்த வாசலில் நிற்கக் கூடாது. அதற்கு என்ன செலவானாலும், யாரைப் பகைத்தாலும் சரி என்று அவள் முடிவு கட்டியிருந்தாள்.

மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் ரேடியோ ரிப்பேர் செய்யும் அந்தோணிதான் அவளுக்கு வழி சொன்னது. "நாப்பதடி பைப்பு நட்டு, பெரிய ஆன்டெனாவும் பூஸ்டரும் போட்டீங்கன்னா சிலோன் டிவி எடுக்கும்க்கா. தமிழ்ல படமெல்லாம் போடறான். ஒருதரம் செலவு பண்ணா முடிஞ்சிது. அப்பறம் மாசா மாசம் எவனுக்கும் அழுவ வேணாம்."

மாசி மாதத்தில் பைப்பு வந்து இறங்கியது. பலராமன் கட்டுமரம் கட்டுகிற கயிற்றை எடுத்து, நாலு பக்கமும் இழுத்து, எந்தக் காற்றுக்கும் அசையாத முடிச்சுகளாகப் போட்டான். அந்தோணி கூரையில் நின்று பைப்பைத் திருப்ப, கொளஞ்சி டிவிக்கு எதிரே உட்கார்ந்திருக்க, தையல்நாயகி வாசலில் நின்று அங்கிருந்து இங்கும் இங்கிருந்து அங்கும் கத்தினாள்.

"வந்துச்சாடி?"

"புள்ளி புள்ளியா வருதும்மா!"

"தம்பி, இன்னும் கொஞ்சம் தெக்கால திருப்பு!"

"வந்துச்சு! போயிடுச்சு! இப்பதாம்மா வந்துச்சு, மறுபடி திருப்பச் சொல்லு!"

பொழுது சாயும் நேரத்தில் புள்ளிகள் எல்லாம் விலகி ஒரு பெண் தெரிந்தாள். தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு, சுத்தமான தமிழில் செய்தி வாசித்தாள். கொளஞ்சி கைதட்டினாள். மகள் கைதட்டி எத்தனையோ காலம் ஆயிற்று என்பது அப்போதுதான் தையல்நாயகிக்கு உறைத்தது. அன்றைக்கு அவள் பாவாடைக்குக் கேட்கட்டும் என்று சத்தத்தைக் கூட்டி வைத்தாள்.

ஒரு மாதத்தில் நிலவரம் மாறிப்போனது. வாடைக் காற்று அடித்தால் படம் மங்கும், புழுக்கமாக இருந்தால் கண்ணாடி மாதிரி வரும் என்று அவள் பழகிக்கொண்டாள். காலையில் மீன் எடுக்கக் கரைக்குப் போகும்போதே முகத்தைக் காற்றுக்குக் காட்டிவிட்டு, "இன்னிக்கு சிலோன் நல்லா வரும்," என்று சொல்லிவிடுவாள். சொன்னால் வரும். அக்கம்பக்கத்துப் பெண்கள் சாயங்காலம் வந்து உட்கார ஆரம்பித்தார்கள். அப்புறம் ரெண்டு வீட்டில், "நாயகி வூட்லயே சும்மா பாத்துக்கறோம்," என்று பாவாடையின் ஒயரைக் கழற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள்.

அடுத்த வெள்ளிக்கிழமை பஞ்சாயத்து கூடியது.

அம்மன் கோயில் வாசல். தலைவர் காத்தவராயன் நடுவில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் அங்கே பேசுவது வழக்கமில்லை, புருஷன்தான் பேசவேண்டும். பலராமன் துண்டை அக்குளில் இடுக்கிக்கொண்டு தரையைப் பார்த்தபடி நின்றான். பாவாடை கையைக் கட்டிக்கொண்டு, குரலை ரொம்பத் தாழ்த்தி ஆரம்பித்தான்.

"எனக்கு எந்த நஷ்டமும் இல்லீங்க. அம்மன் கோயில் கொடிக்கம்பம் முப்பதடி. அண்ணி வூட்டுப் பைப்பு நாப்பதடி. அம்மனுக்கு மேல ஒசரமா ஒரு பொம்பள வூட்டுக் கம்பம் நிக்கலாமா? இந்த வருசம் மீன் பாடு சரியில்ல. ஏன்னு நீங்களே யோசிங்க."

மீன் பாடு என்றதும் அத்தனை ஆம்பிளைகளும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அவன் அடித்த இடம் அப்படி. தையல்நாயகிக்குத் தலைக்கு ஏறியது.

"மீன் பாடு ஏன் சரியில்லன்னு ஒன் ஐஸப் போயி கேளு! பாதி தண்ணி, பாதி மரத்தூளு!" என்று கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு முன்னால் வந்தாள்.

"பலராமா, ஒம் பொண்டாட்டிய அடக்கு," என்றார் காத்தவராயன்.

பலராமன் அடக்கவில்லை. அவனால் முடியாது என்பது ஊருக்கே தெரியும். காத்தவராயன் நாலு பேரோடு குசுகுசுவென்று பேசிவிட்டுத் தீர்ப்பைச் சொன்னார். "கொடிக்கம்பத்தவிட ஒசரமா மனுசன் நட்டது எதுவும் இந்தக் குப்பத்துல நிக்கக் கூடாது. ஞாயித்துக்கெழமைக்குள்ள பைப்ப எறக்கிடணும். இல்லன்னா அபராதம்."

பாவாடை அவளைப் பார்த்து மீசையைத் தடவினான். தையல்நாயகி தன் வீட்டுப் பக்கம் திரும்பி அண்ணாந்து பார்த்தாள்.

"மனுசன் நட்டதுதான மாமா நிக்கக் கூடாது?"

"ஆமா."

"அம்மனா பாத்து வளத்தது?"

"அம்மன் வளத்தத யாரு இன்னா கேக்க முடியும்?" என்றார் காத்தவராயன், வேறு நினைப்பில்.

அவள் வீட்டுக் கொல்லையில் ஒரு தென்னை மரம் இருந்தது. எந்த வருஷத்துப் புயலிலோ ஒதுங்கிய நெற்றுத் தேங்காய் மணலில் கிடந்து தானே முளைத்து வளர்ந்தது. யாரும் நட்டதில்லை, தண்ணீர் ஊற்றியதும் இல்லை. ஐம்பது அடிக்குக் குறையாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பலராமன் பைப்பை இறக்கினான். மத்தியானம் ஆன்டெனாவை முதுகில் கட்டிக்கொண்டு தென்னை மரத்தில் ஏறினான். சாயங்காலம் சிலோன் வந்தது.

குப்பமே சிரித்தது. காத்தவராயன்கூட வந்து மரத்தை அண்ணாந்து பார்த்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு போனார். ஒரே ஒரு சங்கடம். காற்றில் மரம் ஆடினால் படமும் ஆடும். செய்தி வாசிக்கிற பெண் ஒரு பக்கமாகச் சாய்ந்து, கரைந்து, மறுபடி நிமிர்வாள்.

"கட்டுமரத்துல ஒக்காந்து பாக்கறாப்புல இருக்குதுடி," என்றான் பலராமன். அவனுக்கு அது பழக்கமான ஆட்டம்தான். வாசலுக்கும் உள்ளுக்கும் நடப்பதை அவன் நிறுத்தியிருந்தான்.

மூன்று வீடு, நாலு வீடு என்று பாவாடையின் ஒயர் கழன்றுகொண்டே வந்தது. தெருக் குழாயில் அவன் பொண்டாட்டியும் தையல்நாயகியும் குடத்தால் குடத்தை இடித்துக்கொண்டார்கள். அவன் ஐஸை இவர்கள் வாங்குவதில்லை; இவர்கள் மீனை அவன் ஆட்கள் தொடுவதில்லை. ஒரு சாவுக்குப் போனால்கூட அவன் நிற்கும் பக்கம் இவள் நிற்கமாட்டாள்.

ஆவணியில் ஒரு செவ்வாய்க்கிழமை அவள் மீன் விற்றுவிட்டுத் திரும்பி வந்தபோது, ஆன்டெனா கொல்லை மணலில் கிடந்தது. கம்பிகள் வளைந்து நெளிந்து, ஒயர் ரெண்டு இடத்தில் நறுக்கப்பட்டிருந்தது. பலராமன் கரையில் வலை காயப் போட்டுக்கொண்டிருந்தான், கொளஞ்சி பள்ளிக்கூடத்தில். பாவாடை ஒருவனைத் தேங்காய் பறிக்கிற சாக்கில் மரமேற்றி விட்டதாகப் பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள்.

தையல்நாயகி நறுக்கின ஒயரைக் கையில் பிடித்துக்கொண்டு அவன் வாசலுக்கு எதிரே, படியை மிதிக்காமல், தெருவில் நின்றாள்.

"வெளிய வாடா!"

பாவாடை பல்லைக் குத்திக்கொண்டே வந்தான். ஒயரைப் பார்த்தான். மரத்தைப் பார்த்தான்.

"காத்துல வுழுந்திருக்கும் அண்ணி. அம்மன் வளத்த மரமாச்சே. அம்மனே தள்ளி வுட்டுட்டா போல."

அவள் திரும்பி வந்து, ஒன்றும் நடக்காதது போல அன்றைக்கு உலை வைத்தாள், குழம்பு வைத்தாள், எல்லோருக்கும் போட்டாள். பலராமனுக்கே பயமாக இருந்தது.

மறுநாள் அவள் கூடையில் நல்ல வஞ்சிரம் ஒன்று தனியாக இருந்தது. கருவடிக்குப்பத்தில் போலீஸ் ஏட்டு ஒருவர் வீட்டுக்கு அவள் வாடிக்கை. பின்வாசலில் உட்கார்ந்து மீனை நறுக்கிக் கழுவிக்கொண்டே, ஏட்டு வீட்டம்மாவிடம் குப்பத்துக் கதைகளைச் சொன்னாள். "எங்க கொழுந்தன் கெட்டிக்காரன்மா. தியேட்டருக்கு வந்து பத்து நாளுகூட ஆவாத படத்தெல்லாம் எங்கேர்ந்தோ திருட்டுக் கேசட்டா கொண்டாந்து டெக்குல போட்டு ஊருக்கே காட்றான். லைசென்சு கீசென்சு ஒண்ணும் கெடையாது. போலீசு கூட அவனுக்குப் பயம்னு சொல்லிகினு திரியறான்."

கடைசி வாக்கியத்தை அவள் சேர்த்துச் சொன்னாள். பாவாடை அப்படி ஒரு நாளும் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை ஜீப் வந்தது. டெக், கேசட், பெட்டி பெட்டியாக ஒயர், அவன் வீட்டு டிவி எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு, பாவாடையையும் ஏற்றிக்கொண்டு போனார்கள். அவன் பொண்டாட்டி தலையில் அடித்துக்கொண்டு ஜீப் பின்னால் ஓடினாள். ஏழு வயசு மகள் அஞ்சலாட்சி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தையல்நாயகி தன் வாசலில் நின்று எல்லாவற்றையும் கண் கொட்டாமல் பார்த்தாள். யார் காட்டிக் கொடுத்தது என்று குப்பத்தில் யாருக்கும் தெரியவில்லை. அன்றைக்கு அவள் ரெண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டாள். இத்தனை ருசியாகச் சாப்பிட்டு நாளாயிற்று என்று வெளிப்படையாகவே சொல்லிக்கொண்டாள்.

அந்தோணி வந்து ஆன்டெனாவை நிமிர்த்தினான். பலராமன் மறுபடி மரமேறிக் கட்டினான்.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் குப்பத்தில் ஒரே ஒரு வீட்டில்தான் படம். மற்ற வீடுகளில் டிவி இருந்தது, ஆன்டெனா இல்லை. ஒயர் வந்த பிறகு டிவி வாங்கினவர்கள்தான் பாதிப்பேர். முன்னாலேயே ஆன்டெனா வைத்திருந்தவர்களுடையதை உப்புக் காற்று தின்றுவிட்டிருந்தது. நாலரை மணிக்கே தையல்நாயகி வீட்டில் கூட்டம் நெட்டித் தள்ளியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பாவாடை வாசலில் நின்று சிரித்தவர்கள் எல்லாம் இப்போது அவள் வீட்டில் முட்டியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். கும்பிடத் தோன்றியது அம்மனை. யாரிடமும் அவள் காசு கேட்கவில்லை.

காற்றே இல்லை. படம் அப்படிப் பளிச்சென்று வந்தது. பாதிப் படத்தில், முன்வரிசையில் கொளஞ்சிக்குப் பக்கத்தில், ரெட்டைச் சடை போட்ட ஒரு சின்னத் தலை தையல்நாயகி கண்ணில் பட்டது. அஞ்சலாட்சி. மற்ற பிள்ளைகளோடு பிள்ளையாக எப்போது நுழைந்தாள் என்று தெரியவில்லை. வாயைத் திறந்தபடி, இமை அசையாமல் படம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

தையல்நாயகி யோசிக்கவே இல்லை. மூன்று வருஷமாகக் கை அதற்காகவே காத்திருந்தது போல எழுந்து போய், அந்தப் பிள்ளையின் மேல்கையைப் பிடித்துத் தூக்கினாள்.

"யாரு வூட்டுக்குடி வந்து குந்தியிருக்க? எழுந்திரு!"

பிள்ளை மிரண்டு போய்ச் சுற்றிலும் பார்த்தது. பிறகு, ஏதோ புரிந்துகொண்டது போலச் சொன்னது: "பெரியம்மா, அம்மாகிட்ட போயி நாலணா வாங்கியாரட்டா?"

"ஒங்கப்பன் காசு எனக்கு ஒண்ணும் வேணாம்!"

இழுத்துக்கொண்டு போய்த் தெருவில் விட்டாள். கதவைச் சாத்தினாள். திரும்பியபோது கூட்டத்தில் ஒருவரும் அவளைப் பார்க்கவில்லை. எல்லோரும் படத்தைப் பார்ப்பது போல இருந்தார்கள். பலராமன் மட்டும் தலையைக் குனிந்துகொண்டான். சிரிப்பார்கள் என்று அவள் எதிர்பார்த்தாள். யாரும் சிரிக்கவில்லை.

கொளஞ்சி எழுந்தாள்.

"நீ எங்கடி போற? ஒக்காரு."

கொளஞ்சி உட்கார்ந்திருந்தவர்களைத் தாண்டி, உடுத்தியிருந்த துணியை முழங்காலுக்கு மேல் பிடித்துக்கொண்டு நடந்து, கதவைத் திறந்து வெளியே போய், சத்தம் வராமல் கதவைச் சாத்தினாள். அவளுக்கு இப்போது பன்னிரண்டு வயசு. அம்மாவைப் போலவே நடை.

கொஞ்ச நேரம் பொறுத்து, தையல்நாயகிக்குத் தெரு ஜன்னலுக்குக் கீழேயிருந்து பேச்சுக் குரல் கேட்டது. படத்தில் வசனம் நிற்கும் இடத்தில் எல்லாம் அது தெளிவாகக் கேட்டது.

"அக்கா, உள்ள இப்ப இன்னா ஆவுது?"

"அழுவாத. மூக்கச் சிந்திக்கோ. காத இப்படிச் செவுத்துல வெச்சிக்கோ, நல்லா கேக்கும். கதவு சாத்துற சத்தம் கேட்டுச்சில்ல? அவன் கோவிச்சுகினு போறான். இப்ப அவ அழுவா பாரு."

உள்ளே, டிவியில், கதாநாயகி அழுதாள்.

"அப்பறம்?"

"அப்பறம் பாட்டு வரும். அப்பறம் சேந்துடுவாங்க. எனக்குத் தெரியும்."

தையல்நாயகி ஜன்னலுக்குப் போய்க் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள். ரெண்டு தலையும் சுவரோடு ஒட்டி இருந்தன, முகம் தெரியவில்லை. அஞ்சலாட்சியின் மேல்கையை, தான் பிடித்துத் தூக்கிய அதே இடத்தை, கொளஞ்சி தேய்த்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"கொளஞ்சி," என்றாள். குரல் தனக்கே கேட்காத மாதிரி இருந்ததால் இன்னொரு தடவை கூப்பிட்டாள். "கொளஞ்சி. உள்ள வாடி. அதையும் கூட்டிகினு வா."

கொளஞ்சி நிமிர்ந்து பார்க்கவில்லை.

"நீ பாரும்மா," என்றாள். "எங்களுக்கு இங்கயே நல்லா கேக்குது."

பாட்டு ஆரம்பித்தது. தையல்நாயகி ஜன்னல் கம்பியை விடாமல் அங்கேயே நின்றாள். அவள் முதுகுக்குப் பின்னால், காற்றில்லாத அந்தச் சாயங்காலத்தில், படம் கொஞ்சமும் ஆடாமல் ஓடிக்கொண்டிருந்தது.